இரத்தம் நின்றுவிட்டால் அறுவை சிகிச்சை வேண்டாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 56. எட்டு மாதம் மூலம் என்று நினைத்து மருந்து சாப்பிட்ட பிறகுதான் மலக்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆசனவாயிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் கட்டி இருக்கிறது. 28 நாள் கதிரியக்கமும் கேபசிட்டாபின் என்ற கீமோ மாத்திரையும் முடிந்து ஏழு வாரம் ஆகிறது. இரத்தப்போக்கு நின்றுவிட்டதால், குணமாகிவிட்டது என்று சொல்லி மறுபரிசோதனைக்கும் ஆபரேஷனுக்கும் வர மறுக்கிறார். கத்தி பட்டால் பரவும் என்றும், மலம் போக ஆயுள் முழுக்க வயிற்றில் பை வைத்துவிடுவார்கள் என்றும் பயப்படுகிறார். இணையத்தில் பார்த்த லேகியமும் சத்து மாத்திரையும் சாப்பிடுகிறார். சர்க்கரையை நிறுத்த வேண்டுமா? பேரக்குழந்தையை அவர் பக்கத்தில் படுக்கவைக்கலாமா? பத்து நாளாக இரவில் மூன்று நான்கு முறை எழுந்து போகிறார், சளி மட்டும்தான் வருகிறது.
– வாசகி, தென்காசி

பதில்: நீங்கள் கடைசி வரியில் எழுதியதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மலம் கழித்த பிறகும் இன்னும் இருக்கிறது என்ற உந்துதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு வருவது, போனால் சளி மட்டும் வருவது ஆகியவற்றைக் கதிரியக்கத்துக்குப் பிறகு இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளலாம். கதிர்வீச்சினால் மலக்குடலின் உட்சவ்வு புண்ணாகியிருக்கலாம். அது பெரும்பாலும் மெல்ல ஆறும். அல்லது, கட்டி இன்னும் உள்ளேயே இருந்துகொண்டு, மலம் நிறைந்திருப்பதைப் போன்ற உணர்வைத் தந்துகொண்டிருக்கலாம். இரண்டில் எது என்பதை வீட்டிலிருந்து நீங்களும் சொல்ல முடியாது, கடிதத்தைப் படித்து நானும் சொல்ல முடியாது. கதிரியக்கம் கொடுத்த மருத்துவமனைக்கு இந்த வாரமே அவரை அழைத்துச் செல்லுங்கள். இடையில் வயிறு உப்பி, மலமும் வாயுவும் நின்று, வாந்தியும் வந்தால் வாரக் கணக்குப் பார்க்க வேண்டாம். அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

இரத்தம் நின்றதை அவர் குணமானதாக எடுத்துக்கொண்டது இயல்புதான், ஆனால் அது தவறான கணக்கு. கட்டியின் மேற்பரப்பிலுள்ள புண்தான் இரத்தம் கசிய வைக்கிறது. கதிரியக்கம் அந்தப் புண்ணை விரைவில் ஆற்றிவிடும். குடற்சுவரின் தசை அடுக்கிலும், மலக்குடலைச் சூழ்ந்த கொழுப்புறையிலுள்ள நெறிகட்டிகளிலும் (நிணநீர் முடிச்சுகள்) உயிரோடிருக்கும் செல்கள் இரத்தம் கசியவிடுவதில்லை, வலியும் தருவதில்லை. அவருக்குக் கொடுத்ததைப் போன்ற சிகிச்சைக்குப் பிறகு குடலை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், ஏறத்தாழ ஆறேழு பேரில் ஒருவருக்குத்தான் புற்றுச் செல் ஒன்றுகூட மிஞ்சாமல் இருக்கிறது. மற்றவர்களிலும் பலருக்கு இரத்தம் நின்றுதான் இருக்கும்.

அந்த ஒருவராக அவர் இருக்கக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்துக் கண்காணிக்கும் முறையை பிரேசிலின் சாவ் பாலோவில் ஆஞ்செலிட்டா ஹப்ர்-காமா என்ற பெண் அறுவை மருத்துவர் முன்வைத்தார். 2004-ல் அவர் வெளியிட்ட முடிவுகளுக்குப் பிறகே உலகம் அதைக் கவனித்தது. 2022-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கதிரியக்கத்துக்குப் பிறகு கூடுதலாகக் கீமோவும் பெற்ற பிரிவில் ஏறத்தாழ பாதிப் பேர் மூன்று ஆண்டுகள் கழித்தும் மலக்குடலை இழக்காமல் இருந்தார்கள். அறுவை சிகிச்சை வேண்டாம் என்று இணையத்தில் உங்கள் கணவர் எதையாவது பார்த்திருந்தால், அதுவும் இதன் ஏதோ ஒரு துண்டாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் துண்டில் விட்டுப்போனது என்னவென்றால், விரல் பரிசோதனை, உள்நோக்கி, எம்.ஆர்.ஐ. ஆகிய மூன்றும் ஒருமித்து ‘எதுவும் இல்லை’ என்று சொன்னால் மட்டுமே அந்த வழி திறக்கும். அதன் பிறகும் முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வர வேண்டும், ஏனென்றால் திரும்ப முளைப்பவற்றில் பெரும்பாலானவை அந்தக் காலத்துக்குள்தான் முளைக்கின்றன. பரிசோதனைக்கே வராமல் வீட்டில் இருப்பதற்குக் கண்காணிப்பு என்று பெயரில்லை. இரவில் இப்படி எழுந்து போகும் ஒருவருக்கு அந்த வழி திறக்குமா என்பதும் எனக்குச் சந்தேகமே.

கடிதம் முழுவதிலும் உண்மையான பயம் பையைப் பற்றியது என்று தெரிகிறது. மலக்குடல் புற்றுக்கு ஆசனவாயையும் சேர்த்து எடுத்து நிரந்தரமாகப் பை வைக்கும் முறையை 1908-ல் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற அறுவை மருத்துவர் விவரித்தார். பல பத்தாண்டுகள் அதுவே வழியாக இருந்ததால், அந்தப் பயம் நம் ஊர்ப் பேச்சில் இன்னும் தங்கியிருக்கிறது. 1982-ல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கில் பில் ஹீல்ட் என்ற அறுவை மருத்துவர், மலக்குடலை அதன் கொழுப்புறை கிழியாமல் ஒரே பொதியாகப் பிரித்தெடுக்கும் முறையை வெளியிட்டார். அந்த உறைக்குள்தான் நெறிகட்டிகள் இருக்கின்றன என்பதால் அது முழுதாக வெளியே வந்தால் இடுப்புக்குள் நோய் திரும்புவது வெகுவாகக் குறைகிறது. 6 செ.மீ. உயரத்தில், ஆசனவாயை மூடித் திறக்கும் சுருக்குத் தசையைத் தொடாத கட்டி என்றால், பெரும்பாலும் தசையை விட்டுவைத்துக் குடலை மறுபடி இணைத்துவிட முடியும். அந்தத் தையல் ஆறும்வரை சிறுகுடலிலிருந்து தற்காலிகப் பை வைப்பார்கள். சில மாதங்களில் அதை மூடிவிடுவார்கள். தசையைக் கட்டி தொட்டிருக்கிறதா என்பது எம்.ஆர்.ஐ.யில் தெரியும், அந்த ஸ்கேனுக்குத்தான் அவர் போக மறுக்கிறார். நோய் வளர்ந்து தசையைப் பிடித்துவிட்டால், அவர் எதற்குப் பயந்து ஒதுங்கினாரோ அந்த நிரந்தரப் பைதான் மிஞ்சும்.

இணைத்த பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். முதல் ஆண்டில் அடிக்கடி போக வேண்டியிருக்கும், அடக்குவது கடினமாக இருக்கும். போகப் போகக் குறையும், சிலருக்கு ஓரளவு நீடிக்கும். சிறுநீருக்கும் தாம்பத்தியத்துக்கும் உரிய நரம்புகள் அதே இடத்தில் ஓடுவதால் அவையும் பாதிக்கப்படலாம். நம் தம்பதிகள் வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டுவிடும் கேள்வி இது. அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே நீங்கள் இருவரும் சேர்ந்து கேளுங்கள்.

மற்றவை சிறியவை. கத்தி பட்டுப் புற்றுநோய் பரவுவதில்லை. பரவிய நோயை அறுத்த பிறகு தெரிந்துகொண்டவர்களின் வருத்தத்திலிருந்து பிறந்த பேச்சு அது. சர்க்கரை நோய் இல்லையென்றால் காப்பியில் போடும் சர்க்கரையை நிறுத்துவதால் கட்டி பட்டினி கிடக்காது. வெளியிலிருந்து கொடுக்கும் கதிரியக்கம் உடலில் தங்குவதில்லை என்பதால் பேரக்குழந்தை தாத்தாவைக் கட்டிக்கொண்டு தூங்கலாம்.

ஆனால் அந்த லேகியத்தை இன்றே நிறுத்துங்கள். அதில் என்ன இருக்கிறது என்று டப்பாவில்கூட எழுதியிருக்காது. சத்து மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். போலிக் அமிலம் இருந்தால், அது கேபசிட்டாபினின் நச்சுத்தன்மையைக் கூட்டி, கடும் வயிற்றுப்போக்கையும் வாய்ப்புண்ணையும் வரவழைக்கக்கூடும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கேபசிட்டாபினை மறுபடி கொடுக்க வாய்ப்பிருப்பதால், மருத்துவரைக் கேட்காமல் மருந்து வாங்கிச் சாப்பிடும் பழக்கத்தை இப்போதே விட்டுவிட வேண்டும். மூலம் என்று எட்டு மாதம் வீணானதும் அதே பழக்கத்தால்தான் என்று நினைக்கிறேன். மருத்துவர் ஒருவர் பரிசோதித்திருந்தால், 6 செ.மீ. உயரத்திலிருந்த கட்டி, கையுறை அணிந்த விரலுக்கு எட்டியிருக்கும்.

மருத்துவமனைக்குப் போகும்போது சிகிச்சைக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். புதிய படத்தை அதனோடு ஒப்பிட்டால்தான் கட்டி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று சொல்ல முடியும். கதிரியக்கம் முடிந்து 6 முதல் 12 வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்வது வழக்கம். உங்கள் கணவர் ஏழாவது வாரத்தில் இருக்கிறார்.