எம்.ஏ. ஆய்வேட்டைக் காசு கொடுத்து எழுதி வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் தண்டையார்பேட்டைக்காரர். எம்.ஏ. சமூகவியல், கடைசி செமஸ்டர். கைடு (ஆய்வுக்கு வழிகாட்டும் ஆசிரியர்) நேரம் ஒதுக்குவதில்லை, தலைப்பே இன்னும் முடிவாகவில்லை, ஒருவர் 12,000 ரூபாய்க்கு பைண்டிங் வரை முடித்துத் தருவதாகச் சொல்கிறார், வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

வாங்காதீர்கள். "எல்லாரும் செய்வதுதானே, டிகிரி கிடைத்தால் போதும்" என்று உங்களுக்கு நிறைய பேர் சொல்வார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியாது. நானே உட்கார்ந்து எழுதிய ஆய்வேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இதை யாரும்மா எழுதிக் கொடுத்தாங்க?" அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

எனக்கு வடசென்னையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேடு. அம்மா கல்மண்டபம் பக்கம் மீன் விற்றார். 2019-ல் எம்.ஏ. முடித்தேன், அதுவும் சமூகவியல்தான். தலைப்புக்குத் துறையில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். ஐ.டி. பெண்களின் வேலை அழுத்தம், மாணவர்களின் செல்போன் பழக்கம், இந்த மாதிரி. நான் காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களின் கடனைப் பற்றிச் செய்கிறேன் என்றேன். "அதுல என்ன இருக்கு? அவங்களுக்குக் கேள்வித்தாளை நிரப்பவே தெரியாதே" என்றார்கள். என் கைடைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரிடம் ஏகப்பட்ட மாணவர்கள், வகுப்பு வேறு, தேர்வு வேலை வேறு. கடைசியில் "சரி, உன் இஷ்டம், ஆனா ஏப்ரல்ல முடிக்கணும்" என்று விட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஏப்ரல் என்பது எங்கள் பக்கம் வேறு கணக்கு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. 2017-க்கு முன்பு இது 45 நாளாக இருந்தது. தடை வந்துவிட்டால் துறைமுகத்து மீன் ஏலம் படுத்துவிடும். தடை இல்லாத சின்ன ஃபைபர் படகுகளின் மீன் மட்டும்தான் வரும், விலை ஏறிவிடும், பல பெண்கள் கருவாட்டுக்கோ வீட்டு வேலைக்கோ போய்விடுவார்கள். கல்லூரியின் கடைசித் தேதியை நம்பிக் காத்திருந்தால் களத்தில் ஆளே இருக்காது. அதனால் பொங்கல் முடிந்த கையோடு இறங்கிவிட்டேன். ஏல நேரத்தில் போய் நிற்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது. மீனை விற்று முடித்து அன்னக்கூடையைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, மத்தியானத்தில்தான் பேசுவார்கள். அப்போது நிறையவே பேசுவார்கள்.

துறையில் வருடக்கணக்காகக் கைமாறி வரும் கேள்வித்தாள் ஒன்று உண்டு. "மாத வருமானம் எவ்வளவு" என்று கேட்டு நாலு கட்டம் போட்டிருக்கும். எங்கள் பெண்களின் கணக்கில் மாதம் என்று ஒன்று கிடையாது. நான் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, நேற்று என்ன மீன் எடுத்தீர்கள், என்ன விலை, ஐஸுக்கு எவ்வளவு, ஆட்டோவுக்கு எவ்வளவு, மிஞ்சியது என்ன என்று கேட்டேன். "நேத்தா? இரு கண்ணு சொல்றேன்" என்று ஒரு ரூபாய் பிசகாமல் சொன்னார்கள். ஒரு ஆயாவின் கணக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. காரப்பொடி மீனை 1,800-க்கு எடுத்து 2,400-க்கு விற்றார். ஐஸ், ஆட்டோ 170. மிச்சம் 430. அதில் தண்டல் கடனுக்கு 200 போய்விட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஆயா. கேள்வித்தாளை நிரப்பத் தெரியாது என்று யாரைச் சொன்னார்களோ, அவர்!

தண்டலைப் பற்றி வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லவே தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 10,000 கடன் என்று பேசுவார்கள், பிடித்தம் போக 8,500 கையில் வரும், தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அசல் தினமும் குறைந்துகொண்டே போவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. பிறகு ஏன் வாங்குகிறார்கள் என்று வகுப்பில் கேட்டார்கள். ஏலத்துக்குப் பணம் விடியற்காலையில் வேண்டும், வங்கி பத்து மணிக்குத் திறக்கும். தடைக்கால நிவாரணம் அப்போது குடும்பத்துக்கு 5,000 (பிறகு 8,000 ஆக்கினார்கள்). 61 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 82 ரூபாய். 10,000 தண்டலுக்கு நாளுக்கு 100. என் நாலாவது அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு கணக்குதான். அதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எழுதியது எங்கே என்று கேட்டால், அதற்கு வேறு வயிற்றெரிச்சல். ஒரே அறை வீடு, ராத்திரி லைட் போட்டால் அம்மா மூன்று மணிக்கு எழுந்திருக்க முடியாது. நூலகம் போகலாம் என்றால் எல்லாம் தெற்கே. எழும்பூரில் கன்னிமாரா 1896-லிருந்து இருக்கிறது, கோட்டூர்புரத்தில் 2010-ல் அண்ணா நூற்றாண்டு நூலகம் கட்டினார்கள், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தரமணியில். அப்போது விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோவும் வரவில்லை, அது 2021-ல்தான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்க, நடுவில் பஸ் ஊரும். அனல்மின் நிலையச் சாம்பலும் கடலில் கொட்டும் எண்ணெயும் லாரியும் எங்களுக்கு, படிக்கிற மேசை மட்டும் வேறு யாருக்கோ. கொளத்தூரில் 2024-ல் உட்கார்ந்து படிக்க, வேலை செய்ய முதல்வர் படைப்பகம் திறந்தார்கள், நல்ல விஷயம்தான். கடலோரத்துப் பிள்ளைகளுக்கும் அதேபோல் ஒன்று வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று சிலர் சொல்லலாம், இருந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

சரி, வைவா. யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டதும் நான் களக் குறிப்பு நோட்டுகளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நாற்பது பெண்களின் கணக்கு, பல பக்கங்களில் மீன் தண்ணீர் பட்டு மை கலைந்திருக்கும். அந்த வட்டிக் கணக்கை போர்டில் போடச் சொன்னார், போட்டேன். அப்புறம்தான் ஆய்வேட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மார்க் நன்றாகவே வந்தது. முதல் கேள்விக்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. என்னோடு வந்த வேறு யாரிடமும் அவர் அதைக் கேட்கவும் இல்லை. காசிமேடு முகவரியைப் பார்த்துத்தான் கேட்டார் என்று நான் இன்றும் நினைக்கிறேன். நான் அதிகமாக யோசிக்கிறேன் என்று சொல்பவர்கள் எங்கள் தெருவில் இருந்துகொண்டு ஒருமுறை இண்டர்வியூவுக்குப் போய்ப் பார்க்கட்டும்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆள் 12,000-க்குத் தருவது ஊர்ப் பெயரை மாற்றிய பழைய ஆய்வேடாகத்தான் இருக்கும், நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 கருத்துத் திருட்டு விதிகள் முதுநிலை ஆய்வேட்டுக்கும் பொருந்தும். மற்றவர் எழுதியதோடு 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும், 60 வரை போனால் ஒரு வருடம் தர முடியாது, அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. பணம் வாங்கியவர் அன்றைக்கு போனை எடுக்க மாட்டார்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களால் என்னை மாதிரி களத்தில் கிடக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் இருபது பேர் போதும், கைடிடம் கேட்டுச் சின்னதாகச் செய்யுங்கள். நேரில் பிடிக்க முடியவில்லை என்றால் ஒரு பக்கத்தில் தலைப்பு, யாரைப் பார்க்கப் போகிறீர்கள், என்ன கேட்கப் போகிறீர்கள் என்று எழுதி மெயிலில் அனுப்புங்கள், துறைத்தலைவருக்கும் ஒரு நகல் போடுங்கள். தமிழில் எழுதினால் டிடிபி கடையில் யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள், பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தால் பின்னால் ஒற்றுமைச் சோதனைக்குப் போடும்போது தொல்லை.

தலைப்பு தேடி எங்கேயும் போக வேண்டாம். கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு உங்களுக்குப் பக்கம்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டோடு போய், எத்தனை துணிக்கடையில் விற்பனைப் பெண்களுக்கு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், போட்டிருந்தாலும் உட்கார விடுகிறார்களா என்று பாருங்கள். கடைக்குள் வைத்துக் கேட்காதீர்கள், ராத்திரி கடை அடைத்த பிறகு ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பார்கள், அங்கே கேளுங்கள்.