தவிட்டில் விளையும் என்சைம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: கல்லூரி ப்ராஜெக்டுக்காக ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையைக் கோதுமைத் தவிட்டில் வளர்த்து, மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்சைமை எடுக்கிறேன். 10 கிராம் தவிட்டுக்கு 20 மில்லி தண்ணீர், 30 டிகிரி, 6 நாள். தவிடு கட்டிகட்டியாகிப் புளித்த வாடை அடிக்கிறது. மேலே கறுப்புப் பொடி. அமைலேஸோ மிகக் குறைவு. ஏன்?
- வாசகி, நாமக்கல்

பதில்: முதல் கோளாறு தண்ணீர். இந்தக் கணக்கில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தொட்டுவிடும். துகள்களுக்கு நடுவே காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றால் பூஞ்சைக்கு மூச்சு முட்டும், பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். புளித்த வாடை அதனால்தான். பூஞ்சை வித்துக் (ஸ்போர்) கரைசலையும் சேர்த்து மொத்தம் 10 மில்லியோடு நிறுத்துங்கள். 55 சதவீதம் வரும். தவிட்டைக் கையில் இறுக்கினால் பிடி நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது.

250 மில்லி குடுவையில் 10 கிராம் போதும். தவிட்டுக்குள் சூடு மெதுவாகத்தான் இறங்கும் என்பதால், அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். எடுத்ததும் சூட்டோடு குடுவையைத் தட்டி உதிர்த்துவிட வேண்டும். ஆறினால் கட்டி உடையாது. வித்தை 0.1 சதவீத ட்வீன் 80 (சோப்பு போல நனைக்க உதவும் பொருள்) கலந்த நீரில் எடுங்கள். வெறும் நீரில் நைஜர் வித்து நனையாமல் மிதக்கும். மில்லிக்கு 1 கோடி வித்து இருந்தால், குடுவைக்கு 1 மில்லி.

6 நாளும் அதிகம். கறுப்புப் பொடி என்பது வித்துதான். இவ்வளவு நாள் விட்டால், பூஞ்சையே சுரக்கும் புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் என்சைம்) அமைலேஸை வெட்டத் தொடங்கிவிடும். பெரும்பாலும் 72 மணியை ஒட்டி உச்சம் வரும். ஆனாலும் ரகத்துக்கு ரகம் மாறும். ஒரே நாளில் பத்துக் குடுவை போட்டு, 24 மணிக்கு ஒருமுறை இரண்டிரண்டாக எடுத்து அளந்து பாருங்கள்.

குடுவைக்கு 100 மில்லி அசிட்டேட் பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல், பிஎச் 5) ஊற்றி அரைமணி நேரம் குலுக்கி, மஸ்லின் துணியில் பிழிந்து, குளிர்நிலையில் சென்ட்ரிஃபியூஜில் வேகமாகச் சுழற்றித் தெளியவைத்தால் சாறு தயார். டிஎன்எஸ் முறையில் (மாவுச்சத்து உடைந்து வரும் சர்க்கரையை நிறமாற்றத்தால் அளப்பது) அளக்கும்போது ஒன்று கவனம்: தவிட்டின் சர்க்கரையும் சாற்றில் கரைந்திருக்கும். கொதிக்கவைத்துச் செயலிழந்த சாற்றில் ஒரு ப்ளாங்க் (கழித்துப் பார்ப்பதற்கான ஒப்பீட்டு மாதிரி) வைக்காவிட்டால், அந்தச் சர்க்கரையும் அமைலேஸ் கணக்கில் ஏறிவிடும்.

கேள்வி: சீக்கிரம் வளரட்டும் என்று குளுக்கோஸ் சேர்த்தேன். பூஞ்சை செழித்தது, என்சைம் இல்லை.
- வாசகர், மதுரை

பதில்: சோறு தட்டில் இருக்கும்போது யார் நெல் குத்துவார்கள்? குளுக்கோஸ் இருக்கும்வரை, க்ரி-ஏ என்ற புரதம் அமைலேஸ் ஜீனை அடக்கி வைக்கும். குளுக்கோஸை விட்டுவிடுங்கள், தவிட்டு மாவே போதும்.

கேள்வி: குடுவையில் நன்றாக வந்தது, பெரிய தட்டில் வரவில்லையே?
- வாசகர், ஈரோடு

பதில்: எவ்வளவு கனமாகப் பரப்பினீர்கள் என்று எழுதவில்லை, சந்தேகம் அதன்மேல்தான். வளரும் பூஞ்சை சூட்டைக் கக்கும், தவிடு அதை வெளியே விடாது. அறை 30 டிகிரியில் இருந்தாலும் படுகையின் நடு 45-ஐத் தாண்டலாம். வளர்ச்சி வேகமெடுக்கும் முதல் இரண்டு நாளில் நடுவே ஒரு தெர்மாமீட்டரைச் செருகி வையுங்கள். படுகை 3 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். 38-ஐத் தாண்டினால் சுத்தமான கையுறையோடு கிளறிவிடுங்கள். ஜப்பானில் கோஜி (தானியத்தில் பூஞ்சை வளர்த்தது) போடுகிறவர்களும் இதற்காகத்தான் கிளறுகிறார்கள். விசிறி மட்டும் வைத்தால் சூடு தணியும், தவிடு காய்ந்துவிடும். ஈரக்காற்று வேண்டும்.

கேள்வி: பழைய ரொட்டியில் பூத்த பச்சைப் பூஞ்சையையே பயன்படுத்தலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டவே வேண்டாம். தொழிலில் புழங்கும் ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசேயும், ஈரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்ஸின் நஞ்சைச் சுரக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸும் நெருங்கிய உறவு; பார்வைக்குப் பிரித்தறிவது கடினம். 1894-ல் டாகாமினே ஜோகிச்சி அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற டாகா டயாஸ்டேஸ் என்ற என்சைம் இந்த ஒரைசேயைத் தவிட்டில் வளர்த்து எடுத்ததுதான். சண்டிகரில் உள்ள எம்டிசிசி நுண்ணுயிர் வளர்ப்புச் சேமிப்பகத்தில் அடையாளம் உறுதியான ரகம் விலைக்குக் கிடைக்கும். கல்லூரி வழியாகக் கேளுங்கள். நல்ல ரகமானாலும் வித்து பறக்கும்போது என்95 முகக்கவசம் அவசியம். முடிந்த தவிட்டை ஆட்டோகிளேவ் செய்த பிறகே வெளியே கொட்டுங்கள்.