பால்வெட்டுக்கு எழும் கணவரின் விடிகாலைச் சிடுசிடுப்பு

அன்புள்ள சகோதரிக்கு,

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்காக அதிகாலை 3 மணிக்கு எழும் உங்கள் கணவர் எழுந்த கையோடு எரிந்து விழுவதையும், 'யார் முகத்தில் விழித்தானோ' என்று மாமியார் உங்களை ஜாடையாகப் பேசுவதையும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சு எனக்குச் சற்றும் நியாயமாகப் படவில்லை. ஆங்கிலேயர்கள் இதற்குக் கட்டிலின் தவறான பக்கத்தில் எழுந்ததைக் காரணமாகச் சொல்வார்கள். உண்மையான காரணம் தூக்கத்தில்தான் இருக்கிறது. ஆழ்ந்த உறக்கத்தின் நடுவே அலாரம் எழுப்பிவிட்டால், மூளை முழுதாக விழிப்பதற்குப் பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடங்கள் வரையிலும், தூக்கம் போதாதவர்களுக்கு அதற்கு மேலும் ஆகும் என்பதால், அந்த இடைவெளியில் சிறு கேள்விகூட அவருக்குத் தொந்தரவாகவே தோன்றும்.

வெயில் ஏறினால் பால் ஒழுக்குக் குறைந்துவிடும். வெட்டும் நேரத்தைத் தள்ளிப்போட இயலாது. ஆகவே இரவு 8 மணிக்கே அவர் படுத்துவிடுவதுதான் வழி. எழுந்ததும் விளக்கைப் போட்டு, முகம் கழுவியதும் பால் சேர்க்காத கட்டன் சாயாவைக் கையில் கொடுங்கள். சீட்டுத் தவணை, பிள்ளைகளின் ஃபீஸ் போன்ற பேச்சுகளை அவர் தோட்டத்திலிருந்து திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். உரத்த குறட்டையும் பகலில் தூங்கி வழிவதும் இருந்தால், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தவறாமல் காட்டுங்கள்.