கருமைக்குப் பொறுமை போதும், கை வீக்கத்துக்குப் போதாது

கேள்வி: எனக்கு வயது 52. மன்னார்குடிப் பக்கம் கிராமம். மார்பகப் புற்றுநோய்க்காக இடது மார்பையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். 8 முறை கீமோ, பிறகு 15 நாள் கரண்ட் வைத்தார்கள். அது முடிந்து மூன்று மாதம் ஆகிறது. இப்போது தினம் ஒரு லெட்ரோசோல் மாத்திரை. கரண்ட் வைத்த இடம் கழுத்தடி வரை தீய்ந்ததுபோல் கறுத்துக் கிடக்கிறது. நகங்களும் கறுத்துக் கோடு விழுந்திருக்கின்றன. இன்னும் ஐந்து மாதத்தில், தை பிறந்ததும் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் கருமை போக மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசலாமா? எந்த ரவிக்கையும் சரியாக உட்காரவில்லை. கண்ணாடி பார்க்கவே மனம் வருவதில்லை. இடது கையில் வளையல் ஏறவில்லை, சாயங்காலம் கனக்கிறது; வேலை செய்வதால்தான் என்று விட்டுவிட்டேன்.

பதில்: அன்புச் சகோதரி, கருமையைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, கை கனப்பதைக் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள். நான் அந்தக் கடைசி வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நீங்கள் கேட்டவற்றில் பெரும்பாலானவை காலப்போக்கில் தாமாகச் சரியாகக் கூடியவை. கை வீக்கம் அப்படியல்ல. அதற்கு இந்த வாரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கையின் திசுக்களில் ஊறும் நிணநீர், அக்குளில் உள்ள கணுக்கள் (நீங்கள் சொல்லும் நெறிக்கட்டிகள்) வழியாகத்தான் வடிந்து மீண்டும் இரத்தத்தில் கலக்கிறது. உங்களுக்கு அந்தக் கணுக்களை எடுத்துவிட்டார்கள். கரண்ட் என்று நீங்கள் சொல்லும் கதிர்வீச்சால் மிச்சமிருந்த பாதையும் இறுகியிருக்கும். வடிகால் தூர்ந்த வயலில் தண்ணீர் நிற்பதுபோல் நீர் கையில் தேங்குகிறது. அக்குள் கணுக்களை முழுமையாக எடுத்த பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. சிலருக்குச் சில மாதங்களில் வரும், சிலருக்கு ஆண்டுகள் கழித்து வரும். தொடக்கத்தில் வெறும் நீர்தான். விரலால் அழுத்தினால் குழி விழும், இரவு படுத்து எழுந்தால் வற்றியிருக்கும். இந்தக் கட்டத்தில் சிகிச்சை எடுத்தால் கை பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். நாள்பட விட்டால் தேங்கிய இடத்தில் கொழுப்பும் தழும்புத் திசுவும் வளர்ந்து கை கெட்டிப்பட்டுவிடும். பிறகு அளவைக் கட்டுக்குள் வைக்கலாமே தவிர, பழையபடி ஆக்குவது கடினம். உங்கள் கை சாயங்காலம் கனக்கிறது என்கிறீர்கள். காலையில் குறைந்திருந்தால் இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

போவதற்கு முன் வீட்டிலேயே ஓர் அளவு எடுத்துக்கொள்ளுங்கள். தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். மணிக்கட்டில் ஓர் அளவு, முழங்கை மடிப்பிலிருந்து 10 செ.மீ. கீழே ஓர் அளவு, 10 செ.மீ. மேலே ஓர் அளவு. இரண்டு கைகளிலும் ஒரே இடத்தில் அளந்து தேதி போட்டு எழுதி வையுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் 2 செ.மீ. அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது உறுதியான வீக்கம். அதைவிடக் குறைவாக இருந்தாலும், கனமும் இறுக்கமும் இருப்பதால் நீங்கள் போகத்தான் வேண்டும். மருத்துவர் முதலில் அக்குளைத் தொட்டுப் பார்ப்பார். தேவைப்பட்டால் இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று ஸ்கேன் எடுப்பார். பிறகு, நிணநீர் வீக்கத்துக்குப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாரா என்று நீங்களே கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் யாரும் சொல்வதில்லை. இது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

சிகிச்சை இப்படி நடக்கும்: சில வாரங்களுக்குப் பல அடுக்காகக் கட்டுத் துணி சுற்றுவார்கள், கட்டோடு கையை அசைக்கும் பயிற்சிகள் தருவார்கள். வீக்கம் வற்றியதும் கைக்கு அளவெடுத்து இறுக்க உறை தருவார்கள். காலையில் எழுந்ததும், கை மெலிந்திருக்கும்போதே அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். படுக்கப் போகும்போது கழற்றிவிடலாம். நம் ஊர் வியர்வைக்கு இரண்டு உறைகள் இருந்தால் நல்லது, மாற்றி மாற்றித் துவைத்துப் போடலாம். ஆறு மாதத்தில் இழுவை தளர்ந்துவிடும், அப்போது புதிது வாங்க வேண்டும். மருந்துக் கடையில் குத்துமதிப்பாக ஒன்றை வாங்கி மாட்டாதீர்கள். மணிக்கட்டில் சுருண்டு இறுக்கினால் நீர் விரல்களில் போய் நிற்கும்.

உங்கள் பகுதியில் கை வீங்கினால் யானைக்கால் மாத்திரையை வாங்கித் தருபவர்கள் இருப்பார்கள். அது கிருமிக்கான மருந்து. உங்கள் வீக்கத்துக்கு அதனால் பயனில்லை. நீர் பிரியும் மாத்திரையும் வேண்டாம். எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடுவது நிச்சயம் வேண்டாம். நிணநீரை நகர்த்தும் மசாஜ் தோலை மட்டும் மெல்ல இழுக்கும் அளவுக்கு லேசானது. அதைப் பயிற்சி பெற்றவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தக் கையில் வேலையே செய்யக் கூடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். செய்யலாம், செய்ய வேண்டும். 2009இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் கண்காணிப்போடு மெல்ல மெல்ல எடையைக் கூட்டித் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அதனால் வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென மோசமாவதும் அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. ஆகவே கையை மடியில் வைத்துக் காக்க வேண்டியதில்லை. பல மாதம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் கல்யாண வீட்டு மாவு முழுவதையும் ஆட்டி, அண்டாவைத் தூக்குவதுதான் ஆபத்து.

கையில் காயம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரிவாள்மனை, மீன் முள், தெறிக்கும் எண்ணெய், கொசுக்கடியைச் சொறிவது என்று சிறு கீறல் போதும், கிருமி உள்ளே நுழைய. சோப்புப் போட்டுக் கழுவி, கிருமிநாசினி தடவி மூடுங்கள். நம் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. வலது புறங்கையால் தொட்டு, சூட்டை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கை சுட்டு, வலித்து, குளிர் காய்ச்சலும் வந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அன்றே ஆன்டிபயாட்டிக் தொடங்கியாக வேண்டும். கல்யாணத்தில் எல்லோரும் கண்ணாடி வளையல் அடுக்கும்போது, சோப்புப் போட்டு இடது கையில் ஏற்றிவிடப் பார்ப்பார்கள். சம்மதிக்காதீர்கள். உடைந்தால் கீறும், ஏறிவிட்டால் இறுக்கும். தளர்வான அளவில் ஒன்றிரண்டு போதும்.

இனி கருமைக்கு வருகிறேன். கதிர்வீச்சு பட்டதும் நிறமிச் செல்கள் தூண்டப்பட்டு அளவுக்கு மேல் நிறமியைச் சுரக்கின்றன. மாநிறமும் கறுப்பும் உள்ள நம்மைப் போன்றவர்களுக்கு அது கூடுதலாகத் தெரியும். தோலுக்கு நேரும் பாதிப்பு, சிகிச்சை முடிந்து ஒன்றிரண்டு வாரங்களில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு உரியும். உங்களுக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது. மிச்சமிருக்கும் கருமை மாதக்கணக்கில் வெளிறும். தை மாதத்துக்குள் இப்போது இருப்பதைவிட நன்றாகக் குறைந்திருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன். முழுவதும் முன்போல் ஆகிவிடும் என்று வாக்குத் தர மாட்டேன். சிலருக்கு ஒரு சாயல் நின்றுவிடும். இது நோயின் அடையாளம் அல்ல.

மஞ்சள் வேண்டாம். அந்த இடத்தில் எண்ணெய்ச் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் பாதிக்கப்பட்டுத் தோல் ஏற்கெனவே வறண்டிருக்கிறது. மஞ்சள் விழுது இன்னும் வறட்டும், காய்ந்ததைத் தேய்த்துக் கழுவும்போது மெல்லிய தோல் உராயும். கடைப் பொடியில் என்ன நிறம் கலந்திருக்கிறது என்பதும் தெரியாது. எலுமிச்சை, சமையல் சோடா போன்றவையும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் பூசலாம். புண், வெடிப்பு, நீர்க் கசிவு எதுவும் இல்லாமல் தோல் முழுமையாக மூடியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வாசனை சேர்க்காத எண்ணெயாகப் பாருங்கள். அல்லது வாசனையில்லாத எளிய மாய்ஸ்சரைசரோ வெள்ளை பாரஃபின் களிம்போ போதும். குளித்து, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதும் காயும் முன் தடவுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரும் மென்மையான சோப்பும் பயன்படுத்தலாம், நார் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது சிவப்பழகு களிம்புகளை. கல்யாணம் நெருங்கும்போது யாராவது ஒரு டியூபை வாங்கி வந்து தருவார்கள். அவற்றில் பல, ஸ்டீராய்டும் நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோனும் கலந்தவை. கதிர்வீச்சு பட்ட தோலில் தொடர்ந்து பூசினால் தோல் மேலும் மெலியும், எரியும். மருத்துவர் எழுதித் தராத எந்த டியூபும் அந்த இடத்தில் படக் கூடாது. வெயில் கருமையைக் கூட்டும் என்பதால், வெளியே போகும்போது முந்தானையால் கழுத்தடியை மூடிக்கொள்ளுங்கள். கனமான தாலிக்கொடி கறுத்த இடத்தில் உராய்ந்தால், அதற்கும் தோலுக்கும் இடையில் பருத்தித் துணி இருக்கட்டும்.

நகங்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ‘சிவப்பு மருந்து’ என்று நீங்கள் அழைத்திருக்கக் கூடிய டாக்ஸோரூபிசின் நகத்தைக் கறுக்க வைக்கும். கீமோவில் அதையடுத்துத் தரப்படும் டாக்சேன் வகை மருந்துகள் நகத்தைத் தளர்த்தும். குறுக்குக் கோடுகள் ஒவ்வொரு கீமோவின்போதும் நக வளர்ச்சி தடைபட்டு நின்றதன் தடம். கை நகம் முழுதாக வளர்ந்து மாற ஏறக்குறைய ஆறு மாதம், கால் நகம் ஓராண்டுக்கு மேல். குட்டையாக வெட்டி, பாத்திரம் துலக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நகத்தடியில் சீழோ துர்நாற்றமோ வந்தால் மட்டும் காட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேற்கையின் உட்புறமும் மார்பின் தழும்பைச் சுற்றியும் மரத்திருக்கும். அறுவையில் அக்குளிலும் தழும்பைச் சுற்றியும் உள்ள நரம்புகள் அறுபட்டோ இழுபட்டோ இருப்பதால் வருவது அது. ஓரளவு திரும்பலாம், ஒரு பகுதி நிலைத்துவிடலாம். உணர்ச்சி இல்லாத இடத்தில் வெந்நீர்ப் பை வைத்தால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். இடது தோளிலும் மார்பிலும் முந்தானைக்கு ஊக்கு குத்தும்போது கண்ணாடியைப் பார்த்துக் குத்துங்கள். தோலில் ஏறினாலும் உங்களுக்குத் தெரியாமல் போகலாம். அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறுபோல் ஒன்று இழுத்தால் பயப்படாதீர்கள், பயிற்சியில் தளரும். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே மேலே ஏறி, எட்டிய இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுங்கள். தினமும் அந்தக் கோட்டைத் தாண்டப் பாருங்கள்.

ரவிக்கைக்கு வருவோம். கைக்குட்டையையோ பஞ்சையோ சுருட்டி வைத்தால் மேலே ஏறிவிடும். எடை இல்லாததுதான் காரணம். தோல் நன்றாக ஆறியிருந்தால், சிலிகான் செயற்கை மார்பகம் வாங்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வலது மார்பின் எடைக்கு ஏற்றதாக இருந்தால் உடம்பு ஒரு பக்கம் சாயாது, கழுத்து வலியும் குறையும். விலை கூடுதல் என்றால், அளவாகத் தைத்த பருத்திப் பை போதும். எடைக்கு நடுவில் சிறு பொருள் வைத்துத் தைத்துத் தருபவர்களும் உண்டு. தையல்காரரிடம் மூன்று சொல்லுங்கள்: உள்ளே இடது பக்கம் மெல்லிய பருத்தியில் பை வைக்க வேண்டும், கொக்கி முன்பக்கம் இருக்க வேண்டும், இடது கைச் சுற்றளவில் உறைக்கும் வீக்கத்துக்கும் இடம் விட வேண்டும். கழுத்தைச் சற்று ஏற்றித் தைத்தால் கருமையும் மறையும். முந்தானை இடது தோளில்தான் விழுகிறது என்பது உங்களுக்கு இயல்பாகவே அமைந்த வசதி. வீட்டில் எதுவும் வைக்காமல் இருக்கத் தோன்றினால் அப்படியே இருங்கள். அது குறை அல்ல, யாருக்கும் விளக்கம் சொல்லவும் வேண்டாம்.

கண்ணாடி பார்க்க மனம் வராதது மிகவும் இயல்பு. மார்பை இழந்தது இழப்புதான். ‘உயிர் பிழைத்ததே பெரிது’ என்று பிறர் சொல்வதால் அந்தத் துக்கம் தகுதியற்றதாகிவிடாது. ஆனாலும் தழும்பை நீங்கள் பார்த்தாக வேண்டும், மாற்றத்தை முதலில் கண்டுபிடிக்கப்போவது நீங்கள்தான். எண்ணெய் தடவும் நேரத்தில் முதலில் கையால் மட்டும் தொட்டுப் பழகுங்கள், பிறகு பாருங்கள். கணவர் தயங்கி நின்றால், பெரும்பாலும் வலித்துவிடுமோ என்ற பயமாகத்தான் இருக்கும். தொடலாம் என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். லெட்ரோசோல் உடலில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைப்பதால் பிறப்புறுப்பை வறட்டும், தாம்பத்திய உறவு வலிக்கலாம். நீர் சார்ந்த மசகு ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கிறது. ஹார்மோன் கலந்த களிம்பை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தாதீர்கள். மூட்டு வலி வந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வலியைக் குறைக்க வழி இருக்கிறது, வேறு மாத்திரைக்கும் மாற்றலாம். தூக்கமோ பசியோ இல்லாமல் இரண்டு வாரம் மனம் இருண்டே கிடந்தால், புற்றுநோய் மருத்துவரிடமே சொல்லி மனநல ஆலோசனை கேளுங்கள்.

தழும்பிலோ அதைச் சுற்றிலோ புதிதாகச் சிறு பருக்கள், கட்டி, ஆறாத புண், ஊதா நிறத் திட்டு தெரிந்தாலும், கை ஒரே நாளில் வீங்கினாலும், விரல்கள் பலமிழந்தாலும், மூச்சு வாங்கினாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள். வலது மார்புக்கு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் எடுக்க வேண்டும். இந்த வாரம் கையைக் காட்டப் போகும்போதே அதற்கான தேதியையும், லெட்ரோசோல் சாப்பிடுவதால் எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கான தேதியையும் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.