பி.எச். சரியாக இருந்தால் ஆறு சுத்தமா?

தம்பி, அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மலை நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கீழே ஓடும் ஓடையின் பி.எச். (அமில-கார அளவு, 7 என்றால் நடுநிலை) 7.8 என்று தரவில் இருக்கிறது, ஆகவே "பாதிப்பில்லை" என்று ஒப்படையில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுத வேண்டாம். அந்த ஒரு வரியிலேயே புள்ளி போய்விடும்.

நிலக்கரியோடு கிடக்கும் பைரைற்று என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் காற்றும் நீரும் பட்டால் சல்பூரிக் அமிலமாகும். ஆனால் பக்கத்தில் சுண்ணாம்புத் தன்மையுள்ள பாறை இருந்தால் அமிலத்தை அது விழுங்கிவிடும். பி.எச். நல்ல பிள்ளையாக நிற்கும். சல்பேற்று, கல்சியம், மகனீசியம் எல்லாம் நீரிலேயே தங்கிவிடும். அதைக் காட்டுவது மின்கடத்துதிறன், அதாவது நீர் எவ்வளவு மின்னைக் கடத்துகிறது என்ற அளவு; கரைந்த உப்புகள் கூடினால் அதுவும் கூடும். அந்த மலைப் பகுதி ஓடைகளுக்கு அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2011இல் சொன்ன அளவுகோல் சென்ரிமீற்றருக்கு 300 மைக்குரோசீமன். அதைத் தாண்டினால் முதலில் காணாமல் போவது மேஃபிளை போன்ற, ஓடை நீரில் வளரும் பூச்சிகள்தான்.

பாறையிலிருந்து நீரில் கரைந்து வரும் செலீனியம் என்ற தனிமத்தையும் பாருங்கள். நீரில் கொஞ்சமாகத்தான் இருக்கும், உணவுச்சங்கிலியில் ஏறி மீன்குஞ்சுகளை ஊனமாக்கும்.

இன்னொன்று: மலையுச்சியை உடைத்த கல்லை பள்ளத்தாக்கில் கொட்டும்போது ஊற்றோடைகளே புதைந்துபோகின்றன. இல்லாத ஓடையில் யார் மாதிரி எடுப்பது? அதனால் பழைய வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். கொழும்பில் நாங்கள் அம்பத்தளையில் எடுத்த களனி ஆற்று நீரைத்தான் குடிக்கிறோம். மேலே மலையில் நடப்பது கீழே வராமலா இருக்கும்?

சுரங்கத்துக்கு மேற்பக்க மாதிரியும் தரவில் இருக்கிறதா? இருந்தால் இங்கே போடுங்கள், பார்ப்போம்.