74 கிலோ இருக்கறவர் 67ல இறங்கலாமா? ஒரு கிரேக்கோ ரோமன் தம்பிக்கு பதில்

ஒரு தம்பி எழுதியிருக்கார். வயசு 19, நாலு வருஷமா கிரேக்கோ ரோமன் பண்றார், அதாவது இடுப்புக்கு மேல மட்டும் பிடிக்கிற மல்யுத்தம், எடை 74 கிலோ. கூடவே சுத்துற ஒருத்தர் "நீ 67 கிலோ பிரிவுல இறங்கு, தண்ணி வத்துறதுக்கு மாத்திரை நான் தர்றேன், வெளிநாட்டு கேம்ப்ல சேர்த்துவிட்டு டீம்லயும் இடம் வாங்கித் தர்றேன், முன்பணம் மட்டும் கொடு"ன்னு சொல்றாராம். 67 சரியா 77 சரியா, காலேஜை நிறுத்திடலாமான்னு கேட்டிருக்கார்.

முதல்ல எடை. தம்பி, உங்க தப்பு இதுல எதுவும் இல்ல. உலக சாம்பியன்ஷிப்ல 72 கிலோ பிரிவு இருக்கு, உங்க உடம்புக்கு அளவெடுத்து தச்ச மாதிரி. ஆனா ஒலிம்பிக்ல அது கிடையாது, 67க்கு அடுத்து நேரா 77தான். 2000ல கிரேக்கோ ரோமனுக்கு 8 பிரிவு இருந்துச்சு, 2004ல 7 ஆச்சு, 2016ல 6 ஆக்கிட்டாங்க, நடுவுல மாட்டிக்கிற பசங்களைப் பத்தி யாரும் யோசிக்கல. எனக்கு இதுல இன்னும் ஆத்திரம் தீரல.

என் பதில் 77. 19 வயசுல எலும்பும் சதையும் இன்னும் ஏறும், மூணு கிலோ நல்ல எடை ஏத்துறது ஒரு வருஷ வேலை. 7 கிலோ இறக்குறதுன்னா உடம்புல பத்துல ஒரு பங்கு, அதுல பெரும்பகுதி தண்ணிதான் போகும்.

இறக்கச் சொல்ற ஆளுங்க பழைய காலத்து கணக்குல பேசுறாங்க. முன்னாடி போட்டிக்கு முந்தின நாளே எடை பார்ப்பாங்க, ராத்திரி சாப்பிட்டு தண்ணி குடிச்சு ஓரளவு தேறிடலாம். 2018ல இருந்து போட்டி நாள் காலையிலதான் எடை, ரெண்டாவது நாள் மேட்ல இறங்கணும்னா அன்னைக்கு காலையிலயும் திரும்ப ஏறி நிக்கணும். 2024 பாரிஸ்ல வினேஷ் போகத்துக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும், அது ஃப்ரீஸ்டைல் (காலையும் பிடிக்கலாம்கற மல்யுத்தம்) 50 கிலோ, ஃபைனல் வரைக்கும் வந்துட்டு ரெண்டாம் நாள் காலையில 100 கிராம் கூடிப்போச்சுன்னு வெள்ளிகூட கிடைக்காம போச்சு.

ஒரு விதிவிலக்கு இருக்கு, அதை நல்லா புரிஞ்சுக்கணும், ஏன்னா இதை வச்சுத்தான் பசங்களை ஏமாத்துறாங்க. சில அழைப்புப் போட்டிகள்ல 2 கிலோ தளர்வு உண்டு, அதாவது 69 கிலோ இருந்தாலும் 67ல நிக்கலாம். அங்க ஒரு மெடல் அடிச்சதும் "பாத்தியா, 67 உனக்கு செட் ஆகுது"ம்பாங்க. ஆகல தம்பி, நீங்க அன்னைக்கு 69ல நின்னீங்க. உலக சாம்பியன்ஷிப், ஒலிம்பிக் தகுதிப் போட்டி இதுலெல்லாம் அந்த 2 கிலோ கிடையாது. அதனால எந்தப் போட்டியா இருந்தாலும் அழைப்புத் தாள்ல எடை வரியை நீங்களே படிங்க, இன்னொருத்தர் படிச்சுச் சொல்றதை நம்பாதீங்க. தளர்வு இருந்தா அந்த ரிசல்ட்டை தனியா எழுதி வைங்க, மத்த ரிசல்ட்டோட சேர்க்காதீங்க.

கிரேக்கோ ரோமன்ல காலைப் பிடிக்க முடியாது, காலால தட்டவும் முடியாது, எல்லாம் கை, முதுகு, இடுப்பு. ஒரு பையன் இப்படி வத்திப்போய் வந்ததை மேட் ஓரத்துல உக்கார்ந்து பார்த்தேன். எதிராளி பாசிவிட்டி (முன்னேறி ஆடாம இருந்ததுக்கான தண்டனை) வாங்கி கீழ கிடக்கான், இவன் இடுப்பைச் சுத்தி கையைக் கோர்த்துட்டான், தூக்கி எறிஞ்சா பாயிண்ட் இவனுக்கு. உதடு வெள்ளையா காஞ்சிருக்கு, இழுக்கறான், விரல் ஒவ்வொண்ணா தானா பிரியுது. திரும்ப கோர்த்தான், இந்த தடவை கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு. அவன் தினமும் ப்ராக்டிஸ்ல போடுற தூக்கு அது.

இப்ப அந்த மாத்திரை. தண்ணி வத்த வைக்கிற மாத்திரை கிட்டத்தட்ட எல்லாமே உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்போட தடைப் பட்டியல்ல இருக்கு, போட்டி நாள்ல மட்டும் இல்ல, எப்பவும். "எனக்குத் தெரியாம கொடுத்துட்டாங்க"ன்னு சொன்னா எடுபடாது, உங்க சிறுநீர்ல இருந்தா பொறுப்பு உங்களோடது, வருஷக்கணக்குல வெளிய உக்கார வேண்டி வரலாம், மாத்திரை கொடுத்தவர் அடுத்த பையனைத் தேடிப் போயிடுவார். இதை விடப் பெருசு உயிர். அமெரிக்காவுல 1997 கடைசியில சுமார் ஒரே மாசத்துல மூணு காலேஜ் மல்யுத்த வீரர்கள் எடை இறக்கப் போய் செத்துட்டாங்க, அதுக்கப்புறம்தான் அங்க ரப்பர் சூட்டையும் சானாவையும் தடை பண்ணாங்க. மூணு பேர் போனப்புறம்!

டீம்ல இடம் வாங்கித் தர்றேங்கறது சுத்தப் பொய். சர்வதேசப் போட்டிக்கு பேர் தேசிய சம்மேளனம் வழியாத்தான் போகும், தனி ஆள் யாரும் அனுப்ப முடியாது. பாரிஸ் ஒலிம்பிக்ல ஒரு எடைக்கு உலகம் முழுக்க சுமார் 16 பேர், ஒரு நாட்டுக்கு ஒருத்தர்தான். அந்த ஆள்கிட்ட கேம்ப் நடத்துறவங்க எழுத்துல கொடுத்த அழைப்பைக் கேளுங்க, பணத்தை நேரா கேம்ப் கணக்குல கட்டுறேன்னு சொல்லிப் பாருங்க, அப்புறம் போன் எடுக்க மாட்டார். பல இடத்துல தேர்வு விதியை முன்கூட்டியே தெளிவா வெளியிடறதே இல்ல, அந்த இருட்டுலதான் இவங்க பிழைக்கறாங்க, விதியை ஒரு பக்கத்துல அச்சடிச்சு சுவத்துல ஒட்டினா பாதிப் பேர் காணாம போயிடுவாங்க.

காலேஜை விடாதீங்க. இது அமெச்சூர் விளையாட்டு, ஜெயிச்சாலும் மாசச் சம்பளம்னு ஒண்ணு தானா வராது, முழங்காலோ தோளோ ஒரு நாள்ல போயிடும். அவசரமும் இல்ல. கியூபாவோட மிஹாயின் லோபஸ் 2004ல அஞ்சாவது இடம்தான், அப்புறம் 2008ல இருந்து 2024 வரைக்கும் வரிசையா 5 தங்கம், கடைசித் தங்கம் வாங்கறப்ப 42 நெருங்கிட்டார். நீங்க இப்ப பண்ண வேண்டியது, இந்த சீசன் 72 இருக்கற போட்டி எல்லாத்துலயும் 72ல இறங்குங்க, அதுக்கு ரெண்டு கிலோ சாப்பாட்டுலயே குறையும், அடுத்த சீசன்ல இருந்து 77. அந்த மாத்திரை ஏற்கனவே கையில வாங்கியிருந்தா இன்னைக்கே டீம் டாக்டர்கிட்ட கொடுத்துடுங்க, ஒண்ணு ரெண்டு முழுங்கியிருந்தா அதையும் மறைக்காம சொல்லுங்க.