பத்து வெள்ளிக் கணக்கு

அன்புள்ள ஐயா,

நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரி. மகாத்மா காந்தி கலாசாலையில்தான் படித்தேன். சென்ற ஆண்டு பட்டம் வாங்கி, இப்போது பினாங்கில் வேலை. சம்பளம் 2,800 ரிங்கிட். பி.டி.பி.டி.என். என்னும் அரசாங்க உயர்கல்விக் கடன் 27,000 இருக்கிறது. அறை வாடகை, சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் போக, அம்மாவுக்கு 500 அனுப்பியபின் ஏறக்குறைய 300 மிஞ்சுகிறது. அதைக் கடனில் கட்டுவதா, அமானா சஹாம் முதலீட்டு நிதியில் போடுவதா, தங்கம் வாங்குவதா? நண்பர்கள் கிரிப்டோ என்கிறார்கள். இ.பி.எப்., அதாவது ஊழியர் சேமநிதியில், நினைத்தபோது எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கிலிருந்து 500 எடுத்துக் கைப்பேசி வாங்கிவிட்டேன். அது தப்பா?

மாமா ஒருவருக்கு அவர் பெயரில் கார் கடன் கிடைக்கவில்லை. என் பெயரில் எடுத்துத் தரச் சொல்கிறார். மாதாமாதம் அவரே கட்டுவாராம். கடன் விண்ணப்பப் பாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்கு இதையெல்லாம் சொல்லித்தர வீட்டில் யாரும் இல்லை. அம்மா இருபது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியும் கையில் ஒன்றும் இல்லை. தோட்டத்து ஆட்களுக்குச் சேமிக்கவே தெரியாது. அந்தப் பழக்கம் எனக்கும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள மகளுக்கு,

நம் ஊர்ப் பிள்ளை, அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். உன் கேள்விகளில் முக்கால்வாசிக்கு எந்த வங்கிக்குப் போனாலும் பதில் கிடைக்கும். கடைசிப் பத்தி இல்லாவிட்டால் இதற்குப் பதில் எழுதியிருக்கவே மாட்டேன். அண்மையில் ஒரு கல்யாண மண்டபத்தில் தன்முனைப்புப் பேச்சாளர் ஒருவர் ‘தோட்டத்து ஆட்களுக்குச் சேமிக்கவே தெரியாது’ என்ற இதே வாக்கியத்தை மைக்கில் சொன்னார். மண்டபமே கைதட்டியது. தட்டியவர்களில் பாதிப் பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அன்றிலிருந்து எனக்குள் ஒரு பதில் ஓடிக்கொண்டிருக்கிறது. மாட்டிக்கொண்டது நீ.

உன் அம்மா சேமிக்கவில்லை என்று உனக்கு யார் சொன்னது? கணக்குப் பார்த்தாயா? நீ பட்டதாரி, கணக்குப் போட்டிருக்கலாம். இந்த மலேசிய நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று சட்டமாக வந்ததே 2013-இல்தான். தீபகற்பத்தில் 900 ரிங்கிட். அதற்கு முன் தோட்டத்தில் நாட்கூலி. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைக்கு முழுச் சம்பளமும் இல்லை. உன் அம்மாவுக்கு மாதம் 400 கிடைத்தது என்று வைத்துக்கொள். அதில் இ.பி.எப்.புக்குத் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 12. ஆக 92 ரிங்கிட், நம் பேச்சில் 92 வெள்ளி. வருடத்துக்கு 1,104. இருபது வருடம் ஒரு மாதமும் தவறாமல் கட்டினாலும் 22,080. அதற்கு மேல் லாப ஈவு கொஞ்சம். இதுதான் அந்த மனுஷி சேர்த்திருக்கக்கூடிய முழுத்தொகை. மிச்சச் சம்பளத்தில் உன்னைப் பள்ளிக்கு அனுப்பி, சீருடை வாங்கி, பேருந்துக் காசு கொடுத்தது யார்?

இப்போது உன் கணக்கைப் பார். உன் சம்பளத்தில் 11 விழுக்காடு 308. முதலாளி 13 விழுக்காடு போடுகிறார், அது 364. மாதம் 672 ரிங்கிட் நீ தூங்கும்போதும் சேர்கிறது. உன் அம்மாவைவிட நீ ஏழு மடங்கு சேமிக்கிறாய். நீ ஏழு மடங்கு சிக்கனக்காரி என்பதாலா? உன் சம்பளம் ஏழு மடங்கு, அவ்வளவுதான். இதில் குணத்துக்கு என்ன வேலை?

1951-இல் ஊழியர் சேமநிதி தொடங்கியபோது இரு தரப்பும் ஐந்து ஐந்து விழுக்காடுதான் போட்டார்கள். அந்த ஐந்து விழுக்காட்டில் நம் பாட்டன்மார் காசும் இருந்தது. அதோடு நின்றார்களா? சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அப்போது, 1960-இல், அமைச்சராக இருந்த நம்ம ஊர்க்காரர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கு, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார்கள். கட்டியது யார்? சேமிக்கத் தெரியாதவர்கள் என்று நீ சொல்கிறாயே, அந்த ஆட்கள்தான். அந்தப் பணத்தில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். கூலிக்கு வெட்டியவர்கள் காசு சேர்த்துத் தோட்டம் வாங்கியிருக்கிறார்கள், அம்மா. இதை அந்தப் பேச்சாளர் மைக்கில் சொல்ல மாட்டார். சொன்னால் அவர் நடத்தும் இரண்டு நாள் பயிலரங்குக்கு யார் வருவார்கள்?

என் அப்பாவும் அதில் பங்கு வைத்திருந்தார். என் அம்மா தனியாகக் கூட்டு, அதாவது சீட்டு, பிடித்தாள். சாலாக் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் லயத்தில் ஆளுக்குப் பத்து வெள்ளி, மாதம் ஒருவர் எடுப்பார். கூட்டு பிடிப்பது 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது எனக்குத் தெரியும். சட்டம் படித்த வாசகர்கள் இதற்காகத் தனிக் கடிதம் எழுத வேண்டாம். சொல்ல வந்தது, ஒரு நோட்டுப் புத்தகமும் இல்லாமல் யார் எத்தனை மாதம் கட்டினார், யார் முதலில் எடுத்தார் என்று எல்லாம் அவள் வாயில் இருக்கும். ஒருவரும் ஏமாற்றியதில்லை.

சரி, அப்படியென்றால் எங்கே கோட்டை விட்டார்கள் என்று நீ கேட்கலாம். அதற்கு எனக்கு ஒரே பதில்தான் உண்டு. காகிதத்தில்.

எங்கள் லயத்தில் பாரம் படிக்கத் தெரிந்த பையன் நான் ஒருவன்தான். படிவம் ஐந்து முடிப்பதற்கு முன்பே அந்த வேலை என் தலையில் விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டால் வாசலில் ஆள் நிற்கும். பிறப்புப் பத்திரம், குடியுரிமை மனு, சேமநிதிப் பாரம், மருத்துவமனைச் சீட்டு. எழுதிக் கொடுத்தால் அம்மாவிடம் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு நாள் பக்கத்து லயத்துப் பெரியவர் ஒருவர் நான்காக மடித்த ஒரு கடிதத்தைக் கொண்டு வந்தார். “என்ன போட்டிருக்கான்னு படிச்சுச் சொல்லு தம்பி” என்றார். படித்தேன். அக்கா மகன் மோட்டார் வாங்க இவர் ஜாமீன் நின்றிருக்கிறார். பையன் சிங்கப்பூர் போய்விட்டான். கடன் கொடுத்த நிறுவனம் இவரிடம் கேட்கிறது. “நான் சாட்சிக் கையெழுத்துன்னுல்ல நெனச்சேன்” என்றார். அவர் குடிக்காதவர், சூதாடாதவர், மாதம் பத்து வெள்ளி தவறாமல் கட்டியவர். 55 வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. அதில் பெரும்பகுதியை அந்த மோட்டாருக்குக் கொடுத்தார். அவர் ஒரு நாள்கூட அதில் ஏறியதில்லை.

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு அந்த மொழி தெரியாது. உனக்கு மூன்று மொழி தெரியும், நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் இருந்திருக்கிறாய். நீ என்ன செய்திருக்கிறாய்? 300 வெள்ளியை எங்கே போடுவது என்று பத்து வரி எழுதிவிட்டு, மாமாவின் காரை நான்கு வரியில் முடித்துவிட்டாய். எது பெரிய விஷயம் என்றே உனக்குத் தெரியவில்லையே! கோபம் வருகிறது எனக்கு.

அந்தப் பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படி. கார் உன் பெயரில் இருந்தால் கடன்காரி நீ. ‘மாமா கட்டுவார்’ என்பது அந்தப் பாரத்தில் எந்த மூலையிலும் இருக்காது. ஒன்பது வருடத் தவணை என்றால் உனக்கு முப்பது தாண்டிவிடும். இரண்டு மாதத் தவணை தொடர்ந்து தவறினால் வண்டியை இழுப்பதற்கு நோட்டீஸ் வரும், உன் முகவரிக்கு. இழுத்த வண்டியை ஏலத்தில் விற்று, பாக்கி இருந்தால் அதையும் உன்னிடம்தான் கேட்பார்கள். அவர் வேகமாக ஓட்டினால் சம்மன் உனக்கு. தவறிய தவணை மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். என்னும் கடன் பதிவில் உன் பெயருக்கு நேரே நிற்கும். நாளைக்கு அம்மாவுக்கு ஒரு வீடு வாங்கலாம் என்று வங்கிக்குப் போனால் அங்கிருப்பவர் முதலில் பார்ப்பது அதைத்தான். மாமா நல்லவராகவே இருக்கலாம். வங்கி அவருக்குக் கடன் தர மறுத்ததற்கு ஒரு காரணம் இருக்குமே, அதை அவர் உன்னிடம் சொன்னாரா? அவருக்குக் கடன் தொல்லை என்றால் ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. பேங்க் நெகாரா 2006-இல் அமைத்தது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. மாமாவை அங்கே கூட்டிக்கொண்டு போ. அந்த உதவி போதும்.

சொந்தத்துக்குள் இப்படிப் பேசினால் மரியாதை இல்லை என்பார்கள். அம்மாவே சொல்லலாம். ‘எழுதுகிற ஐயா ஒருவர் வேண்டாம் என்றார்’ என்று என் மேல் போட்டுவிடு. நான் வாங்கிக்கொள்கிறேன்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பி.டி.பி.டி.என். கடனுக்கு உஜ்ரா என்னும் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு. 2024-க்கு இ.பி.எப். கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. அதனால் கடனை முந்திக்கொண்டு அடைக்க ஓடாதே, மாதத் தவணையையும் தவறவிடாதே. முதலில் சில மாதச் செலவுக்கு ஆகும் பணத்தை, நினைத்தால் எடுக்கும்படி வங்கியில் வை. அதற்குப் பிறகு மிஞ்சுவதை இ.பி.எப்.பிலேயே சொந்தமாகக் கூடுதலாகப் போடலாம். அமானா சஹாம் மலேசியா நல்லதுதான், ஆனால் நம்மவர்களுக்கு யூனிட் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்தால் வாங்கு. தங்கம் உன் அம்மாவுக்குத் தெரிந்த விஷயம், அவரிடம் கேள். கிரிப்டோ பற்றி எனக்கு எழுதாதே. கைப்பேசிக்காக மூன்றாம் கணக்கில் கை வைத்தது தப்பா என்று கேட்டாய். வைத்தாயிற்று, விடு. 2024 மே மாதத்திலிருந்து உன் சேமிப்பில் பத்து விழுக்காடு அங்கே போகிறது. மாதம் 67 வெள்ளி. அது இருப்பதையே மறந்துவிட்டால் உனக்கு நல்லது. இ.பி.எப்.பில் உனக்குப் பின் பணம் யாருக்கு என்று பெயர் போட்டிருக்கிறாயா? உன் வயதில் யாரும் போடுவதில்லை. போடு. அம்மாவுக்கு அனுப்பும் ஐந்நூறைக் குறைக்காதே.

மாமாவின் பாரத்தில் நீ கையெழுத்துப் போட்டுவிட்டாயா, இல்லையா என்பது உன் கடிதத்தில் தெளிவாக இல்லை. போட்டிருந்தால் தேதியோடு உடனே எழுது. பாரம் இன்னும் வீட்டில்தான் இருக்கிறதா, மாமா எடுத்துக்கொண்டு போய்விட்டாரா என்பதையும் சேர்த்து எழுது.